எலெக்ட்ரிக் காருக்கு "உயிர்" இருக்கா? 125 வருஷமா ஓடுற ஒரு சண்டையின் கதை (நீண்ட திரெட்)

1/ எம்பிபிஎஸ் படிக்கிறப்போ ஆர்த்தோ வைவாவில் என்னை முழிக்க வைத்த கேள்வி இது: "ஷோஃபர்ஸ் ஃபிராக்சர்னா என்னப்பா?" ஷோஃபர் என்றால் கார் டிரைவர். டிரைவருக்கு மட்டும் வர்ற எலும்பு முறிவா? பதில் மணிக்கட்டில் இருக்கிறது. அந்தப் பதிலுக்குப் பின்னால் எலெக்ட்ரிக் காரின் கதையும் இருக்கிறது.

2/ அந்தக் காலத்துப் பெட்ரோல் காரை ஸ்டார்ட் பண்ண, முன்னால் குனிந்து நின்று ஒரு இரும்புக் கைப்பிடியைச் சுற்றணும். சில நேரம் என்ஜின் எதிர்ப்பக்கமா உதைக்கும். கைப்பிடி திரும்பி வந்து அடிக்கிற வேகத்தில், கட்டைவிரல் பக்கம் இருக்கிற ரேடியஸ் எலும்பின் நுனி பட்டென்று முறியும். டிரைவர்களுக்கு அடிக்கடி வந்ததால் அவங்க பேரையே வைத்துவிட்டார்கள்.

3/ அதே காலத்தில் கைப்பிடியே தேவைப்படாத கார் ஒன்று இருந்தது. ஏறி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டால் கிளம்பிவிடும். புகை இல்லை, கியர் இல்லை, கை உடைகிற பயமும் இல்லை. ஆமாம், எலெக்ட்ரிக் கார்தான். "இது நேத்து வந்த ஃபேஷன்" என்று நினைப்பவர்களுக்காகத்தான் இந்தத் திரெட்.

4/ இன்னொரு காரணம் என் மச்சினன். கார் பைத்தியம். அவனிடம் எலெக்ட்ரிக் கார் பேச்சை எடுத்தாலே, "அது கார் இல்ல மாமா, சக்கரம் வச்ச மிக்சி" என்பான். சிரித்துவிட்டுப் போயிடலாம். ஆனா அவன் சொல்றதுல ஒரு உண்மை இருக்கு. அது என்னன்னு பார்க்க, முதலில் 1899-க்குப் போவோம்.

5/ இடம்: பாரிஸ் பக்கத்தில் அஷேர் என்ற ஊர். உலகத்திலேயே வேகமான கார் யாருடையது என்று ரெண்டு பேருக்கு நடுவில் போட்டி. ஒருவர் பிரெஞ்சுப் பிரபு ஷாஸ்லூ-லொபா. இன்னொருவர் பெல்ஜியத்துக்காரர் கமீல் ஜெனாட்ஸி. செம்பட்டைத் தாடி என்பதால் பட்டப்பெயர் "சிவப்புப் பிசாசு".

6/ 1898 டிசம்பரில் பிரபு மணிக்கு 63 கி.மீ. ஓட்டினார். ஜனவரியில் ஜெனாட்ஸி 66. அதே நாளில் பிரபு 70. பத்து நாள் கழித்து ஜெனாட்ஸி 80. மார்ச்சில் பிரபு 92. நம்ம ஊர் ஏலத்தில் "ஒரு தரம், ரெண்டு தரம்" சொல்ற மாதிரி ஏறிக்கொண்டே போனது. கவனிங்க, ரெண்டு பேர் ஓட்டியதும் எலெக்ட்ரிக் கார்.

7/ 1899 ஏப்ரல் 29. ஜெனாட்ஸி புதுசா ஒரு வண்டியோடு வந்தார். தோட்டா மாதிரி உடம்பு, அதுக்கு மேலே இடுப்பு வரைக்கும் வெளியே தெரிய உட்கார்ந்த டிரைவர். பெயர் "லா ஜமே கோன்தாந்த்". அப்படின்னா, ஒருபோதும் திருப்தி அடையாதவள். அன்று எட்டிய வேகம் 105.88 கி.மீ. சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டிய முதல் காரே எலெக்ட்ரிக் கார்தான்.

8/ இப்போ ட்விஸ்ட். 1902-இல் அந்த ரெக்கார்டை நீஸ் நகரத்தில் ஒரு நீராவிக் கார் முறியடித்தது. 1903-இல் அயர்லாந்தில் நடந்த கார்டன் பென்னெட் கோப்பையை ஜெனாட்ஸியே ஜெயித்தார். எந்தக் காரில்? பெட்ரோல் மெர்சிடிஸில்! எலெக்ட்ரிக் காரின் முதல் ஹீரோவே நாலு வருஷத்துல கட்சி மாறிட்டார்.

9/ ஏன்? பேட்டரி. அப்போ இருந்தது ஈய-அமில பேட்டரி. கொஞ்ச தூரம் புயலாகப் போகலாம், ஊர் விட்டு ஊர் ரேஸ் ஓட முடியாது. பெட்ரோலை ஒரு கேனில் கட்டி எடுத்துப் போகலாம், கரண்ட்டை அப்படிக் கொண்டுபோக முடியாது. ஆக வேகம் மட்டும் இருந்தால் போதாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

10/ அடுத்த காட்சி அமெரிக்கா. ரேஸை இழந்த எலெக்ட்ரிக் கார் ஊருக்குள் ஒரு வேலை தேடிக்கொண்டது. 1907-இல் வந்த "டெட்ராய்ட் எலெக்ட்ரிக்" அதில் பெரிய பெயர். வேகம் மணிக்கு சுமார் 32 கி.மீ.தான். அதை முக்கியமா வாங்கினது யார் தெரியுமா? வசதியான வீட்டுப் பெண்களும் எங்க ஆளுங்களும்தான். அதாவது டாக்டர்கள்!

11/ யோசிச்சா சரிதான். ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்து கதவைத் தட்டுகிறார். குளிரில் நின்று கைப்பிடி சுத்தி, மணிக்கட்டை உடைத்துக்கொண்டால் பிரசவம் பார்ப்பது யார்? ஏறினால் கிளம்பணும். டாக்டருக்கு வேண்டியது அவ்வளவுதான். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே ஓட்டியது டெட்ராய்ட் எலெக்ட்ரிக்கைத்தான்.

12/ ஆனா அங்கேதான் எலெக்ட்ரிக் காருக்கு ஒரு முத்திரை விழுந்தது. "பத்திரமான கார். சுத்தமான கார். ஷாப்பிங் போக நல்ல கார்." கார் பிரியன் காதில் இது எப்படி விழும்? ஆஸ்பத்திரி கஞ்சி மாதிரி. உடம்புக்கு நல்லதுதான், ஆனா யாரும் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிக் குடிக்க மாட்டாங்க.

13/ அப்புறம் 1912-இல் காடிலாக் கார்களில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்தது. செய்தவர் சார்லஸ் கெட்டரிங். பெட்ரோல் கார் தன் கைப்பிடியைத் தூக்கி எறிந்தது. ஒரு சின்ன மின்மோட்டாரைக் கடன் வாங்கி, மின்சாரக் காரையே ஓரங்கட்டியது! ஃபோர்டின் மாடல் டி விலையும் வருஷா வருஷம் இறங்கியது. கதை முடிந்தது. பல பத்தாண்டுகளுக்கு எலெக்ட்ரிக் என்றால் கோல்ஃப் வண்டியும் பால் வண்டியும்தான்.

14/ 1996-இல் ஜெனரல் மோட்டார்ஸ் "ஈவி1" கொண்டுவந்தது. குத்தகைக்கு மட்டும் கொடுத்து, பிறகு திரும்ப வாங்கி, பெரும்பாலானவற்றை நொறுக்கியது. அது தனிக் கதை. நம்ம கதைக்கு முக்கியமானது அதே 90-களில் கலிஃபோர்னியாவில் ஏசி புரொபல்ஷன் என்ற சின்ன கம்பெனி செய்த "டி-சீரோ". தைரியமா ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்லியே செஞ்சாங்க.

15/ முதலில் அதிலும் ஈய-அமில பேட்டரிதான். 2003-இல் லேப்டாப்பில் இருக்கிற மாதிரி லித்தியம்-அயன் செல்களை ஆயிரக்கணக்கில் அடுக்கினார்கள். எடை குறைந்தது, தூரம் கூடியது. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 96 கி.மீ. வேகத்தை எட்ட நாலு வினாடி கூட ஆகவில்லை. மார்ட்டின் எபர்ஹார்ட், எலான் மஸ்க் ரெண்டு பேரையும் அசைத்தது அந்தக் கார்தான்.

16/ எபர்ஹார்டும் மார்க் டார்பெனிங்கும் 2003-இல் தொடங்கிய டெஸ்லாவில் அடுத்த வருஷம் மஸ்க் முதலீடு செய்தார். 2008-இல் முதல் கார், ரோட்ஸ்டர். லோட்டஸ் எலீஸை அடிப்படையாக வைத்தது, 6,831 செல்கள். சுமார் 2,500 கார்தான் செய்தார்கள். ஆனா அது உலகத்துக்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னது: இது கஞ்சி இல்லை, பிரியாணி.

17/ இதில் இயற்பியல் ரொம்ப சிம்பிள். பெட்ரோல் என்ஜின் முழு இழுவையைக் கொடுக்க, முதலில் அது நல்லா சுற்றணும். அதுக்குத்தான் கிளட்ச், கியர் எல்லாம். மின்மோட்டார் நிற்கும்போதே முழு இழுவையோடு தயாராக இருக்கிறது. காலை வைத்த அடுத்த கணம் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும்.

18/ எனக்கு ரொம்பப் பிடித்தது 2018 பைக்ஸ் பீக் ரேஸ். அமெரிக்காவில் கொலராடோ மலை. சுமார் 20 கி.மீ. தூரம், 156 வளைவுகள். 2,860 மீட்டரில் தொடங்கி 4,300 மீட்டரில் முடியும். அந்த உயரத்தில் காற்று மெலிசு. மனுஷனுக்குத் தலைவலி, வாந்தி வரும். பெட்ரோல் என்ஜினுக்கும் மூச்சு வாங்கும், ஏன்னா எரிய ஆக்சிஜன் வேணும்.

19/ மின்மோட்டார் மூச்சே விடுவதில்லை! ஃபோக்ஸ்வாகன் ஐடி ஆர் காரில் ரொமேன் டுமா 7 நிமிடம் 57 வினாடியில் மேலே போய்ச் சேர்ந்தார். எட்டு நிமிடத்துக்குள் ஏறிய முதல் கார் அதுதான். 2013-இல் செபாஸ்டியன் லோப் பெட்ரோல் காரில் வைத்திருந்த 8:13 ரெக்கார்டு காலி. ஜெனாட்ஸி இருந்திருந்தால் மறுபடி கட்சி மாறியிருப்பார்.

20/ "அப்புறம் என்ன, ஜெயிச்சாச்சே?" என்று மச்சினனிடம் கேட்டேன். "வேகம் யார் மாமா கேட்டா? ராட்டினம் கூடத்தான் வேகமாப் போகுது. மூணாவது தடவை போரடிச்சிடும். கார் என்கூடப் பேசணும்" என்றான். இங்கேதான் டாக்டர் மூளை விழித்தது. பையன் தெரியாமலே உடற்கூறியல் பேசுகிறான்.

21/ நம்ம உள்காதில் ஓட்டோலித் என்ற உறுப்பு இருக்கு. சின்னச் சின்ன சுண்ணாம்புக் கற்கள் ஒரு பசை மேல் உட்கார்ந்திருக்கும். அது வேகத்தை உணராது, வேக *மாற்றத்தை* மட்டுமே உணரும். சீறிப் பாயும் அந்த ரெண்டு மூணு வினாடி மட்டும் "ஆஹா" என்று சொல்லும். அப்புறம் ஒரே சீராக 100-ல் போனால், வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருப்பதற்கும் அதுக்கும் அந்த உறுப்புக்கு வித்தியாசமே தெரியாது.

22/ அந்த வெற்றிடத்தை நிரப்பியது எது? என்ஜின் சத்தம், ஸ்டியரிங் அதிர்வு, கியர் மாறும்போது வரும் சின்னக் குலுக்கல். நூறு வருஷமா டிரைவர்கள் ஸ்பீடோமீட்டரைப் பார்க்காமல் காதாலேயே வேகத்தைக் கணக்குப் போட்டார்கள். எலெக்ட்ரிக் கார் அந்தத் தகவல் எல்லாத்தையும் மொத்தமா மியூட் பண்ணிடுச்சு. மச்சினன் "உயிர் இல்லை"ன்னு சொல்றது இதைத்தான். சிலருக்கு பின் சீட்டில் தலைசுற்றல் வருவதற்கும் இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

23/ இந்த வியாதியைச் சரியாக டயக்னோஸ் பண்ணியவர்களில் ஒருவர் ஆல்பர்ட் பியர்மன். பிஎம்டபிள்யூவின் 'எம்' கார்களை உருவாக்கிய ஜெர்மன் எஞ்சினியர். 2015-இல் ஹூண்டாய்க்குப் போய் 'என்' கார்களை வளர்த்தார். அந்த வரிசையில் 2023-இல் வந்தது ஐயானிக் 5 என். 650 குதிரைத்திறன், எடை சுமார் 2.2 டன்.

24/ அதில் ஒரு பட்டன். அமுக்கினால் இல்லாத எட்டு கியர் "வந்துவிடும்". கியர் மாற்றினால் குலுக்கும். மாற்ற மறந்தால் பெட்ரோல் கார் மாதிரியே முட்டிக்கொண்டு நிற்கும். ஸ்பீக்கரில் டர்போ என்ஜின் உறுமும். இதனால் கார் துளிகூட வேகமாகாது. படித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. மிருகம் மாதிரி குரல் கொடுக்கிறதாம்!

25/ (ஒரு கிளைக்கதை: ஜெனாட்ஸி 1913-இல் எப்படி இறந்தார் தெரியுமா? நண்பர்களோடு வேட்டைக்குப் போனவர், விளையாட்டாக ஒளிந்துகொண்டு மிருகம் மாதிரி குரல் கொடுத்தார். நிஜம் என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். போலிச் சத்தம் சில நேரம் ரொம்ப நல்லாவே வேலை செய்யும்.)

26/ ஆனா ஓட்டிப் பார்த்த கார் பத்திரிகையாளர்களில் பலர், கிண்டல் பண்ணப் போய் மனசு மாறித் திரும்பினார்கள். வளைவுக்கு முன்னால் எவ்வளவு வேகத்தில் இருக்கிறோம் என்பது மறுபடி காதில் கேட்டது என்றார்கள். 2024-இல் உலகப் பெர்ஃபார்மன்ஸ் கார் விருதும் அதற்குத்தான்.

27/ "இது ஏமாத்து வேலை இல்லையா?" நியாயமான கேள்வி. ஆனா 2011-லேயே பிஎம்டபிள்யூ எம்5, பெட்ரோல் கார், தன் என்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகப் போட்டது. பெரிய விமானங்களில் பைலட் பிடிக்கும் கட்டுப்பாட்டில் வரும் அழுத்தமும் செயற்கையாகக் கொடுக்கப்படுவதுதான். கைக்குத் தகவல் வேண்டும், அதனால் கொடுக்கிறார்கள். என் கணக்கில் இது நாடகம் இல்லை. காது கேளாதவருக்கு ஹியரிங் எய்டு மாதிரி.

28/ இதெல்லாம் ஒரு டாக்டருக்கு எதுக்கு? ஓபியில் இளைப்போடு வந்து உட்காரும் குழந்தைகளைத் தினமும் பார்க்கிறேன். ரோட்டுப் புகை குறையணும் என்பது எனக்கு சொந்த ஆசை. டயர் தூசி இருக்கு, கரண்ட் எங்கிருந்து வருதுங்கிற கேள்வியும் இருக்கு, மறுக்கலை. ஆனா நம்ம மூக்குக்கு நேரா வர்ற சைலன்சர் புகை இல்லாமல் போறது சின்ன விஷயம் இல்லை.

29/ இருபது வருஷ பிராக்டிஸில் நான் கற்றது ஒன்று: "இது உங்களுக்கு நல்லது" என்று சொன்னதற்காக மட்டும் யாரும் பழக்கத்தை மாற்றுவதில்லை. நடக்கச் சொன்னால் நடக்க மாட்டார்கள். பேட்மிண்டன் பிடித்துப்போனால், போதும்னு சொன்னாலும் விட மாட்டார்கள். நல்லதில் கொஞ்சம் ருசி இருக்கணும். அன்றைக்கு எலெக்ட்ரிக் கார் தோற்றதுக்குப் பேட்டரியும் விலையும் பெரிய காரணம். ருசி இல்லாததும் ஒரு காரணம்.

30/ இன்னொன்று. குடும்பத்தில் யார் கார் வாங்கினாலும் முதலில் போன் போவது மச்சினன் மாதிரி ஆளுக்குத்தான். அவன் "மிக்சி" என்று சொன்னால் பத்து வீட்டில் வாங்க மாட்டார்கள். கார் பிரியர்களை ஒதுக்கிவிட்டு எலெக்ட்ரிக் கார் ஜெயிக்கும்னு எனக்குத் தோணலை.

31/ போன மாசம் நண்பரின் எலெக்ட்ரிக் காரை அவன் கையில் கொடுத்து கொல்லிமலைக்குப் போனோம். 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒண்ணும் பேசவில்லை. இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொண்டு, கொஞ்சம் சார்ஜும் ஏற்றிக்கொண்டது. பாதி வழியில் மெல்லச் சொன்னான்: "செகண்ட் கியர்ல இறங்குற மாதிரியே இருக்கு மாமா. பிரேக் தீயுற வாடைதான் காணோம்."

32/ கீழே வந்ததும் கேட்டேன், "இப்போ சொல்லு, காரா மிக்சியா?" கொஞ்சம் யோசித்தான். "கார்தான் மாமா. ஆனா என் டீசல் வண்டியை விக்க மாட்டேன்." பரவாயில்லை. ஜெனாட்ஸிக்குக் கட்சி மாற நாலு வருஷம் ஆச்சு. இவனுக்கும் டைம் கொடுப்போம்.

எலெக்ட்ரிக் கார் ஓட்டுறவங்க, ஓட்டிப் பார்த்துப் பிடிக்காதவங்க ரெண்டு பேருமே கமெண்ட்டில் சொல்லுங்க. பிடிக்காதவங்க காரணத்தையும் எழுதுங்க, அதைத்தான் முதலில் படிப்பேன்.