ஜிப்லி அசைவூட்டப்பட நிறுவனத்தின் தோற்றமும் ரசிகர் வழிகாட்டி நூல்களும்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானின் ஸ்டுடியோ ஜிப்லி உருவாக்கிய படங்களைப் பற்றி ரசிகர்களுக்கென வெளிவந்துள்ள வழிகாட்டி நூல்கள், படத்தின் வெற்றியைத் தொடர்ந்து தோன்றும் வணிகத் துணைவெளியீடுகள் என்றே பெரும்பாலும் கருதப்படுகின்றன. அந்நூல்வகையின் வரலாற்றை 1977 முதல் நோக்கினால், ரசிகர்களைச் சார்ந்த அச்சுப்பண்பாடு ஜிப்லிக்கு முற்பட்டது என்பதும், அந்நிறுவனம் உருவாக அது ஒரு காரணமாயிற்று என்பதும் புலனாகும். இக்கட்டுரை இதனை விளக்கி, அந்நூல்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதன் வரம்புகளையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஜிப்லி, மியாசாகி, தகஹாதா, அனிமேஜ், வழிகாட்டி நூல், ரசிகர் பண்பாடு.

முன்னுரை

திரைப்பட வரலாற்றை எழுதுவோர் படச்சுருள், நிறுவன ஆவணம், நாளிதழ் விமர்சனம் ஆகியவற்றை முதன்மைச் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். ரசிகர்களுக்கான கையேடுகள் அவ்வரிசையில் அரிதாகவே இடம்பெறுகின்றன. கதைச் சுருக்கம், பாத்திர அறிமுகம், பின்னணி ஓவியம், கலைஞர் பட்டியல், நேர்காணல் ஆகியவற்றின் தொகுப்பாக அமையும் இவை, புகழுரை நூல்கள் என ஒதுக்கப்படுகின்றன. ஜிப்லியைப் பொறுத்தவரை இவ்வாறு ஒதுக்குவது, அதன் வரலாற்றின் தொடக்கத்தையே விட்டுவிடுவதாகும்.

1. வழிகாட்டி நூலின் தோற்றம்

‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாதோ’ என்னும் தொலைக்காட்சித் தொடர் 1974 அக்டோபரில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. போதிய பார்வையாளர் இல்லாமையால் 26 பகுதிகளுடன் அது முடிக்கப்பட்டது. எனினும் மறுஒளிபரப்புகளின் வழியாக அதற்கு இளைஞர்களிடையே ரசிகர் குழுக்கள் உருவாயின. அத்தொடரைச் சுருக்கித் தொகுத்த திரைப்படம் 1977இல் பெருவெற்றி பெற்றது. அதே ஆண்டில் தொகுமா ஷோதென் பதிப்பகம் அத்தொடருக்கென ‘ரோமன் ஆல்பம்’ என்னும் படத்தொகுப்பு நூலை வெளியிட்டது.

வி.எச்.எஸ். ஒளிநாடா 1976இல்தான் அறிமுகமாகியிருந்தது. பெரும்பாலான வீடுகளில் பதிவுக்கருவி இல்லை. விரும்பிய காட்சியை விரும்பியபோது மீண்டும் காண இயலாத அக்காலத்தில், படத்தை நினைவில் நிறுத்தும் கருவியாக அச்சுநூலே இருந்தது. அத்துடன், காட்சிகளை உருவாக்கிய கலைஞர்களின் பெயர்களும் பணிகளும் வாசகர்க்கு அறிமுகமாயின. ‘யார் வரைந்தார்’ என்னும் வினா ரசிகர்களின் வினாவாயிற்று.

2. ரசிகர் அறிவும் இதழாசிரியரும்

ரோமன் ஆல்பம் பெற்ற வரவேற்பு, அசைவூட்டத்திற்கென ஒரு திங்களிதழைத் தொடங்கும் துணிவைப் பதிப்பகத்திற்கு அளித்தது. 1978இல் தொடங்கப்பட்ட ‘அனிமேஜ்’ இதழின் ஆசிரியர் குழுவில் தொஷியோ சுசூகி பணியாற்றினார். தொடக்கத்தில் தமக்கு அத்துறையில் அறிவு இல்லை என்றும், உயர்நிலைப் பள்ளி மாணவியரான ரசிகர் சிலரிடமிருந்தே அதனைக் கற்றதாகவும் அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். 1968இல் வெளியாகி வணிகத் தோல்வியுற்ற தகஹாதாவின் முதற்படமான ‘ஹோருஸ்: சூரிய இளவரசன்’ என்னும் படத்தை அவர்களே அவருக்கு எடுத்துரைத்தனர்.

அப்படத்தைப் பற்றி எழுதுவதற்காகச் சுசூகி தொலைபேசியில் தொடர்புகொண்டபோது, இசாவோ தகஹாதா நேர்காணல் தர மறுத்தார். ஹயாவோ மியாசாகியோ பேசுவதாயின் 16 பக்கம் வேண்டும் என்றார். அம்முயற்சி அப்போது நிறைவேறவில்லை. ஆயினும் பின்னர் ஜிப்லியை உருவாக்கிய மூவரின் முதல் தொடர்பு இதுவேயாகும். திரையுலகம் மறந்திருந்த ஒரு படத்தை நினைவில் வைத்திருந்தோர் ரசிகர்களே என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

3. வரைகதையிலிருந்து படத்திற்கு

மியாசாகியின் படத்திட்டங்களைச் சுசூகி பதிப்பகத்தின் முன்வைத்தபோது, மூலக்கதை அச்சில் இல்லை என்னும் காரணத்தால் அவை ஏற்கப்படவில்லை. எனவே மூலக்கதையையே முதலில் அச்சேற்றும் வழி மேற்கொள்ளப்பட்டது. ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிகா’ என்னும் வரைகதை அனிமேஜ் இதழில் 1982 பிப்ரவரியில் தொடங்கியது. அதன் அடிப்படையில் மியாசாகி இயக்க, தகஹாதா தயாரிப்பாளராக இருந்து, டாப்கிராஃப்ட் நிறுவனத்தில் உருவான படம் 1984 மார்ச்சில் வெளியாயிற்று. தொகுமாவின் ஆதரவுடன் ஜிப்லி நிறுவப்பட்டது 1985இல்தான்.

வரைகதையோ 1994 மார்ச் வரை இடைவெளிகளுடன் தொடர்ந்து 7 தொகுதிகளாக நிறைவுற்றது. படம் அதன் தொடக்கப் பகுதியை மட்டுமே தழுவியது. இவ்வேறுபாட்டை வாசகர்க்கு விளக்குவது வழிகாட்டி நூல்களின் நிலையான பணிகளுள் ஒன்றாயிற்று. 1988இல் ஒரே காட்சியில் இணைத்துத் திரையிடப்பட்ட ‘என் அண்டைவீட்டு டோடோரோ’, ‘மின்மினிகளின் கல்லறை’ ஆகிய இரு படங்களுக்கும் முறையே தொகுமா, ஷிஞ்சோஷா ஆகிய பதிப்பகங்கள் துணைநின்றதும், ஜிப்லி அச்சுலகின் ஆதரவில் வளர்ந்தமைக்குச் சான்றாகும்.

4. வெட்டப்பட்ட படமும் அயல்நாட்டு வாசகரும்

1985இல் அமெரிக்காவில் ‘காற்றின் போர்வீரர்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நௌசிகா வெளியிடப்பட்டபோது, ஏறத்தாழ 22 நிமிடக் காட்சிகள் நீக்கப்பட்டன. நாயகியின் பெயரும் மாற்றப்பட்டது. முழுமையான வடிவம் அங்கு ஒளிவட்டாக 2005இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட இருபதாண்டுகளில் மூலப்படம் எத்தகையது என்பதை ஆங்கில வாசகர் பலரும் அச்சுப் பக்கங்களின் வழியாகவே அறிந்தனர்.

1991இல் பிரிட்டனில் ‘அனிமே யூகே’ இதழைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஹெலன் மெக்கார்த்தி, 1999இல் மியாசாகியின் படங்களைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். ரசிகராக இருந்தோர் ஆய்வுரை வழங்குவோராக மாறியமைக்கு அந்நூல் எடுத்துக்காட்டாகும். மியாசாகியின் கட்டுரைகளும் நேர்காணல்களும் அடங்கிய ‘தொடக்கப்புள்ளி’ என்னும் பொருள்படும் தொகுப்பு ஜப்பானியத்தில் 1996இல் வந்தபோதிலும், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2009இல்தான் வெளியாயிற்று. முதன்மைச் சான்று கைக்கெட்டாத காலத்தில் அதன் இடத்தை ரசிகர் நூல்கள் நிரப்பின.

5. சான்றாகக் கொள்வதன் வரம்புகள்

இந்நூல்களை அப்படியே ஏற்பதற்கில்லை. முதலாவதாக, தொடக்ககால ஜப்பானிய வழிகாட்டி நூல்களுள் பலவற்றை வெளியிட்ட தொகுமா, ஜிப்லியின் புரவலராகவும் இருந்தது. ஜிப்லி அதனினின்று பிரிந்து தனித்தியங்கத் தொடங்கியது 2005இல்தான். எனவே கருத்து வேறுபாடுகளும் தோல்விகளும் அவற்றில் குறைத்துக் கூறப்பட வாய்ப்புண்டு. இரண்டாவதாக, சுசூகியின் மேற்கண்ட கூற்றுப் போன்றவை பிற்கால நினைவுரைகள். வெற்றிக்குப் பின் சொல்லப்பட்டவை. மூன்றாவதாக, பல நூல்கள் மியாசாகி ஒருவரையே படைப்பாளராக முன்னிறுத்துகின்றன.

ஆயினும் மூன்றாவது குறைக்கு மாற்றும் அந்நூல்களிலேயே உள்ளது. அவற்றின் கலைஞர் பட்டியல்களை வரிசைப்படுத்தி நோக்கினால், வண்ண வடிவமைப்பாளர் மிச்சியோ யசுதா, டோடோரோவின் பின்னணிக் காட்சிகளுக்குப் பொறுப்பேற்ற கசுவோ ஓகா முதலியோரின் தொடர்பணியை மீட்டெடுக்கலாம். நூலின் முகப்பு ஒருவரைப் போற்ற, இறுதிப் பக்கங்கள் பலரைக் காட்டுகின்றன.

முடிவுரை

‘படம் முன், நூல் பின்’ என்னும் வரிசை ஜிப்லியின் வரலாற்றுக்குப் பொருந்தாது. ரசிகர் நூலிலிருந்து இதழும், இதழிலிருந்து வரைகதையும், வரைகதையிலிருந்து படமும், படத்திற்குப் பின் நிறுவனமும் தோன்றின. 2013 முதல் புங்கெய்ஷுஞ்சு பதிப்பகம் படத்திற்கு ஒரு தொகுதியாக வெளியிட்ட நூல்வரிசை ‘ஜிப்லியின் பாடநூல்’ எனத் தலைப்பிடப்பட்டுள்ளது. ரசிகரின் கையேடாகத் தொடங்கிய வகை பாடநூல் என்னும் பெயரை ஏற்கும் அளவிற்கு வளர்ந்துள்ளதை இது காட்டுகிறது. ஆகவே வெகுமக்கள் கலையின் வரலாற்றை ஆராய்வோர், வாசித்துத் தேய்ந்த கையேடுகளையும் ஆவணக் காப்பகத்திற்குரியனவாகக் கருதுதல் வேண்டும்.