தானே காற்றேறும் மெத்தையின் கதை

பிரெஞ்சு மொழியில் மெத்தைக்கு 'மத்லா' என்று பெயர். இது அரபு மொழியின் 'மத்ரஹ்' என்ற சொல்லிலிருந்து இத்தாலி வழியாக வந்தது. எதையாவது கீழே போடுகிற இடம் என்று பொருள். ஆங்கிலத்தில் 'மேட்ரஸ்' என்பதும் இதன் உடன்பிறப்புதான். சொல் பல நூற்றாண்டுப் பழசு. ஆனால், சுருட்டி முதுகுப்பையில் வைத்துக்கொண்டு மலை ஏறுகிறார்களே, தானே காற்றேறும் மெத்தை, அதற்கு ஐம்பது ஆண்டு சொச்சம்தான் வயது.

இந்த விஷயத்தில் என்னை இறக்கிவிட்டவள் லியோனில் படிக்கும் என் பேத்தி. விடுமுறையில் தோழிகளோடு ஆல்ப்ஸ் மலையில் நான்கு நாள் நடக்கப் போகிறாளாம். இரவில் கூடாரத்தில் படுக்கை. "தாத்தா, எந்த மெத்தை வாங்கட்டும்?" என்று தொலைபேசியில் கேட்டாள். ஓர் அங்குல மெத்தைக்கு அவள் சொன்ன விலையைக் கேட்டதும், அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் வெறும் தரையில் பாயை விரித்துப் படுத்தால் முதுகுக்குச் சுகம். காரணம், தரை உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்கிறது. குளிர்ந்த மலையிலும் தரை இதே வேலையைத்தான் செய்யும். ஆனால் அங்கே அது ஆபத்து. எவ்வளவு நல்ல உறக்கப் பைக்குள் படுத்தாலும், முதுகுக்குக் கீழே உள்ள இறகோ பஞ்சோ உடம்பின் எடையில் நசுங்கிவிடும். நசுங்கியதில் காற்று நிற்காது. காற்று இல்லையென்றால் கதகதப்பும் இல்லை. ஆகவே மலையில் மெத்தை என்பது சொகுசுக்கு மட்டும் அல்ல.

1970 வாக்கில் மலையேறுபவர்களுக்கு இரண்டே வழிகள்தான் இருந்தன. ஒன்று, காற்றறைகள் மூடிய கெட்டியான ஃபோம் விரிப்பு. எடை குறைவு, ஓட்டை விழும் பயமில்லை, ஆனால் எலும்பு வலிக்கும். இன்னொன்று, வாயால் ஊதும் காற்று மெத்தை. மெத்தென்று இருக்கும், ஆனால் உள்ளே உள்ள காற்று சுற்றிச் சுற்றி வந்து உடம்புச் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும்.

இனி கதை அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக்குப் போகிறது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் கான்கார்டு விமானம் 1969 மார்ச் 2 அன்று துலூஸ் நகரில் முதன்முதலாகப் பறந்தது. பிரெஞ்சுப் பத்திரிகைகளில் அந்தப் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனவர்களில் நானும் ஒருவன். அதற்குப் போட்டியாக சியாட்டிலின் போயிங் நிறுவனம் ஒரு விமானத்தை வடிவமைத்துக்கொண்டிருந்தது. 1971 மார்ச்சில் அமெரிக்கப் பாராளுமன்றம் அதற்கான பணத்தை நிறுத்திவிட்டது. மற்ற விமானங்களுக்கும் அப்போது ஆர்டர் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அந்த வட்டாரத்தில் சுமார் ஒரு லட்சம் பேருக்குச் சோறு போட்ட நிறுவனத்தில், 1971இல் 40,000 பேர்கூட மிஞ்சவில்லை. ஊரை விட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும் என்று விமான நிலையத்துக்கு அருகில் ஒரு விளம்பரப் பலகையே வைத்தார்கள்.

அப்படி வேலை இழந்த பொறியாளர்களில் இருவர் ஜிம் லீ, நீல் ஆண்டர்சன். அரசு வேலையில் இருந்த என் போன்றவர்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். படிப்பும் அனுபவமும் இருந்தும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் மனநிலையை நாம் ஊகிக்கத்தான் முடியும்.

ஜிம் லீ தோட்ட வேலை செய்யும்போது முழங்காலுக்கு அடியில் ஒரு ஃபோம் திண்டைப் போட்டுக்கொள்வார். முழங்காலை அழுத்தினால் திண்டிலிருந்து காற்று வெளியே போவதைக் கவனித்தார். இந்தக் காற்றை வெளியே விடாமல் உள்ளேயே அடைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. இருவரும், மலையேற்றத்தில் ஆர்வமுள்ள நண்பர் ஜான் பரோஸும் சேர்ந்து 1972இல் 'காஸ்கேட் டிசைன்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த மெத்தைக்குப் பெயர் 'தெர்ம்-அ-ரெஸ்ட்'.

அதன் சூட்சுமம் எளிது. காற்றுப் புகக்கூடிய ஃபோமின் மேலும் கீழும் காற்றுப் புகாத துணியை ஒட்டிவிட வேண்டும். மூலையில் ஒரு வால்வு. சுருட்டி வால்வை மூடினால் ஃபோம் நசுங்கியே கிடக்கும். விரித்து வால்வைத் திறந்தால், பிழிந்த ஸ்பாஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல ஃபோம் தானே விரிந்து காற்றை இழுத்துக்கொள்ளும். மூடியதும் அந்தக் காற்று உடம்பைத் தாங்கும். துணி ஃபோமோடு ஒட்டியிருப்பதால் மெத்தை பலூன்போல உப்பாது. ஃபோமின் நுண்ணறைகள் காற்றை ஓட விடாததால் சூடும் போகாது. பழைய இரண்டு வழிகளின் நல்ல குணங்களும் ஒன்றாகச் சேர்ந்தன.

இதைத் தெரிந்துகொண்டால், தேர்ந்தெடுக்கும் முறை தானாக விளங்கும். தடிமனைப் பார்த்து வாங்கக் கூடாது. 'ஆர் மதிப்பு' என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். சூடு கீழே போகாமல் தடுக்கும் திறனை அது சொல்கிறது. முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் அளந்தது. 2018இல் ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பு பொதுவான அளவுமுறையை வெளியிட்ட பிறகு ஒப்பிடுவது சுலபமாகிவிட்டது. கோடைக்கு 2 போதும். வசந்தம், இலையுதிர் காலங்களுக்கு 3 அல்லது 4. பனிக்கு 5க்கு மேல் வேண்டும். இரண்டு விரிப்புகளை ஒன்றின்மேல் ஒன்று போட்டால் மதிப்புகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது எடை. ஃபோம்தான் கனம். அதனால் எடை குறைந்த வகைகளில் ஃபோமில் இடையிடையே துளைகள் வெட்டி எடுத்திருப்பார்கள். ஓர் அங்குல மெத்தை அரைக் கிலோ அளவில் கிடைக்கிறது. இன்று இதைவிட இலேசான ஊதும் மெத்தைகளும் உண்டு. ஆனால் அவை நடு இரவில் ஓட்டையானால் வெறும் துணிதான். இதில் ஃபோமாவது முதுகுக்கு அடியில் மிஞ்சும். ஓட்டையைக் கண்டுபிடிக்க நம் சைக்கிள் கடைக்காரர் முறையே போதும்: தண்ணீரில் அழுத்தினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

அரைக் கிலோ, ஆர் மதிப்பு 2க்குச் சற்று மேல், வாங்கிக்கொள் என்று பேத்திக்குச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் சுருட்டி வைக்காதே என்றும் சேர்த்துச் சொன்னேன். வால்வைத் திறந்து, விரித்தே வைக்க வேண்டும். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்தால் ஃபோமுக்கு எழும்பும் பலம் குறைந்துவிடும்.

போயிங்கின் அந்த ஒலிவேக விமானம் கடைசிவரை பறக்கவில்லை. கான்கார்டும் 2003இல் ஓய்வு பெற்றுவிட்டது. வேலை போனவர்கள் செய்த மெத்தை மட்டும் இன்றும் கடைகளில் விற்கிறது.