தூண்டுவதாகக் கருதப்பட்ட தடை: சிடிஎல்ஏ-4 ஏற்பி குறித்த புரிதலின் வரலாறு

டி செல்லின் ஏற்பி, அயல் புரதத்தின் துண்டொன்றை அடையாளம் கண்டுகொண்டால் மட்டும் அந்தச் செல் பெருகத் தொடங்கிவிடாது. கூடவே இன்னொரு சமிக்ஞையும் கிடைக்க வேண்டும். நோய் எதிர்ப்புக்கு இரண்டு சமிக்ஞைகள் தேவை என்ற கருத்தைப் பீட்டர் பிரெட்ஷரும் மெல்வின் கோனும் 1970இல் முன்வைத்தார்கள். டி செல்லைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது சமிக்ஞையைப் பெறுவது சிடி28 என்ற ஏற்பி என்பது 1990களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. ஆன்டிஜெனைக் காட்டும் செல்லின் மேல் உள்ள பி7 புரதத்தோடு சிடி28 இணையும்போது டி செல் முழுமையாகத் தூண்டப்படுகிறது. ஆகவே அந்தக் காலத்து ஆய்வாளர்கள் தேடியதெல்லாம் தூண்டும் ஏற்பிகளைத்தான். சிடிஎல்ஏ-4 சில ஆண்டுகள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதற்கு இந்தத் தேடலே முதற்காரணம் என்று கருதுகிறேன்.

அதன் மரபணுவை 1987இல் பிரான்சின் மார்செய் நகரில் பியர் கோல்ஸ்டைன் குழுவினர் கண்டெடுத்தார்கள். செல்கொல்லி டி செல்களில் மட்டும் மிகுதியாக இயங்கும் மரபணுக்களைத் தேடியபோது கிடைத்தது அது. என்ன வேலை செய்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1991இல் பீட்டர் லின்ஸ்லி, சிடி28 இணையும் அதே பி7 புரதத்தோடு சிடிஎல்ஏ-4உம் இணைகிறது, அதுவும் ஏறத்தாழ 20 மடங்கு வலுவாக இணைகிறது என்று காட்டினார். வடிவத்திலும் இரண்டும் ஒத்திருந்தன. சிடிஎல்ஏ-4ஐப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியைச் செல் வளர்ப்பில் சேர்த்தபோது டி செல்கள் கூடுதலாகப் பெருகின. ஆன்டிபாடி இந்த ஏற்பியை இயக்குகிறது, ஏற்பி செல்லைத் தூண்டுகிறது என்று முடிவு கட்டினார்கள். அன்றைய அறிவைக் கொண்டு பார்த்தால் அது நியாயமான முடிவுதான்.

ஆனால் அதே சோதனைக்கு இன்னொரு விளக்கமும் பொருந்தும். ஆன்டிபாடி ஏற்பியை இயக்காமல் மறைத்துக்கொண்டிருந்தால்? அப்படியானால் ஏற்பியின் வேலை அடக்குவது. அது மறைக்கப்பட்டதால்தான் செல்கள் பெருகுகின்றன. இரண்டையும் பிரித்தறிய 1994இல் சிகாகோவில் ஜெஃப்ரி புளூஸ்டோன் குழுவினர் எளிய வழியொன்றைக் கையாண்டார்கள். முழு ஆன்டிபாடிக்குப் பிடிமுனைகள் இரண்டு. அது இரண்டு ஏற்பிகளை இழுத்துச் சேர்த்து அவற்றை இயக்கிவிடக்கூடும். ஒற்றைப் பிடிமுனைத் துண்டால் அது இயலாது; மறைக்க மட்டுமே முடியும். அந்தத் துண்டைச் சேர்த்தபோதும் செல்கள் பெருகின. மறுஆண்டே பெர்க்லியில் மேத்யூ கிரம்மலும் ஜேம்ஸ் ஆலிசனும் ஏற்பி அடக்குகிறது என்ற இதே முடிவை எட்டினார்கள்.

ஐயத்துக்கு இடமில்லாமல் செய்தவை எலிகள். 1995இல் பாஸ்டனில் ஆர்லின் ஷார்ப்பின் குழுவும் டொராண்டோவில் டாக் மாக்கின் குழுவும் சிடிஎல்ஏ-4 மரபணுவே இல்லாத எலிகளை உருவாக்கின. தூண்டும் ஏற்பியை நீக்கியிருந்தால் அவற்றின் எதிர்ப்பாற்றல் குன்றியிருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கின. கட்டுமீறிப் பெருகிய டி செல்கள் இதயத்துக்குள்ளும் கணையத்துக்குள்ளும் புகுந்து திசுவை அழித்தன. மூன்று நான்கு வாரங்களில் எலிகள் இறந்தன. வளர்ப்புத் தட்டில் ஆண்டுக்கணக்கில் நடந்த விவாதத்தை முழு உடல் ஒரே மாதத்தில் தீர்த்துவைத்தது. ஓர் ஏற்பி எதனோடு இணைகிறது என்பதை வைத்து அதன் வேலையை ஊகிக்கலாம். அது இல்லாதபோது என்ன நேர்கிறது என்று பார்த்தால்தான் உறுதி செய்ய முடியும்.

அடுத்த கட்டம் வேகமாக நகர்ந்தது. சிடிஎல்ஏ-4ஐ மறைத்தால் எலிகளின் கட்டிகள் கரைகின்றன என்று ஆலிசன் குழுவினர் 1996இல் வெளியிட்டனர். இதே ஏற்பியை மறைக்கும், மனிதருக்கான இபிலிமுமாப் மருந்து, முற்றிய மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கொண்ட 676 பேரிடம் சோதிக்கப்பட்டது. அதைப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் சுமார் 10 மாதம். ஒப்பீட்டுத் தடுப்பூசியை மட்டும் பெற்றவர்களுக்கு 6.4 மாதம். 2011 மார்ச்சில் அமெரிக்கா இபிலிமுமாப்புக்கு ஒப்புதல் அளித்தது. கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோ குழுவினர் 1992இல் கண்டறிந்த பிடி-1 என்ற இன்னோர் அடக்கும் ஏற்பியும் இதே வழியில் மருந்துக்கு இலக்காயிற்று. ஆலிசனுக்கும் ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த 20 மடங்கு வலுவின் பொருளும் பிறகு துலங்கியது. சிடிஎல்ஏ-4 பெரும்பாலும் செல்லின் உட்பைகளில் இருந்துகொண்டு, மேற்பரப்புக்கு வந்து திரும்பியபடி இருக்கும். 2011இல் டேவிட் சான்சம் குழுவினர், அது எதிரே உள்ள செல்லிலிருந்து பி7ஐப் பறித்து உள்ளே இழுத்துச் சிதைத்துவிடுவதைக் காட்டினார்கள். மிஞ்சும் பி7 குறையக் குறைய சிடி28க்குக் கிடைக்கும் தூண்டுதலும் குறைகிறது.

லின்ஸ்லி தம் 1991 ஆய்வுக்கென, இந்த ஏற்பியின் வெளிப்பகுதியை ஆன்டிபாடியின் வால்பகுதியோடு ஒட்டி ஒரு கரையும் புரதம் செய்திருந்தார். அந்த வடிவமைப்பிலிருந்து வந்த அபாடசெப்ட், முடக்குவாத மருந்தாக 2005 டிசம்பரிலேயே ஒப்புதல் பெற்றுவிட்டது. பி7ஐ மூடித் தூண்டுதலைக் குறைப்பது அதன் வேலை. அடக்கும் ஏற்பிகளை மறைக்கும் புற்றுநோய் மருந்துகளோ தூண்டுதலைக் கட்டவிழ்க்கின்றன. அதனால் சிலருக்குக் குடல் அழற்சி, தைராய்டு கோளாறு, அரிதாக உயிருக்கே ஆபத்தான இதயத்தசை அழற்சி வருகின்றன. பிடி-1 மருந்துக்குப் பின் இதயத்தசை அழற்சி கண்ட ஒரு நோயாளிக்குப் பாரிஸ் மருத்துவர்கள் அபாடசெப்ட் கொடுத்தார்கள். அவர் தேறிய செய்தி 2019இல் வெளியாயிற்று.