கண் முந்த வேண்டும்: கணினித் திரையும் சவாரித் திடலும்

கணினித் திரையில் பந்தயக் கார் ஓட்டப் பழகுவோர் முதலில் கற்பது, காரின் மூக்கைப் பாராமல் வளைவின் மறுமுனையைப் பார்ப்பதையே. மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 55 மீற்றர் கடந்துவிடுகிறது; கண் பிந்தினால் கையும் பிந்தும். வளைவுக்கு ஓரிரு விநாடி முன்பே ஓட்டுநரின் பார்வை அதன் உள்விளிம்பை நாடுகிறது என்று மைக்கேல் லாண்ட், டேவிட் லீ ஆகிய ஆய்வாளர்கள் 1994ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் எழுதினர்.

யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியில் வளைவு கிடையாது, திடல் நேரானது. ஆனால் பக்கத்திலே இன்னொரு வண்டில் ஓடுகிறது. அதைத் திரும்பிப் பார்க்கும் ஆசையே சாரதிக்குப் பகை. பார்வை எல்லைக்கோட்டில் நிற்க, அயல் வண்டிலைக் கடைக்கண்ணால் அளக்க வேண்டும். திரையில் மோதினால் மறுபடி தொடங்கலாம். திடலில் சில்லோடு சில்லு முட்டினால் மாடும் மனிதனும் மண்ணில்.

உழவுக்கும் பொதி இழுப்பதற்கும் மாடு வளர்த்த மண்ணில் பிறந்த விளையாட்டு இது. உழவு இயந்திரமும் லொறியும் வந்தபின் சவாரி மாடு வீட்டுப் பெருமைக்கென்றே வளர்க்கப்படலாயிற்று. (மாட்டைக் குத்தி ஓட்டும் வழக்கத்தை நான் ஒருபோதும் ஏற்றதில்லை.) போரினால் நலிந்த சவாரி, 2009இன் பின் மீண்டும் களைகட்டியது.

வென்ற மாடுகளை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. ஓட்டியவரின் கண் கற்ற பாடத்தை யாரும் கேட்பதில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் திரைமுன் அமரும் நம் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, முதிய சாரதி ஒருவரிடம் இதைக் கேட்கட்டும்: அயல் வண்டில் முந்திய கணத்தில் கண்ணை எங்கே வைத்திருந்தீர்கள், ஐயா?