வளி நீக்கமும் உணவுக் காப்பும்

உணவைக் கெடாது காக்கும் முயற்சி மனித குலத்தின் மிகப் பழைய முயற்சிகளுள் ஒன்றாகும். உலர்த்தல், உப்பிடல், புகையூட்டல், பாகிலிடல் என்பன எந்நாட்டார்க்கும் பொதுவான முறைகள். நம் நாட்டுக் கருவாடும் ஒடியலும் மோர்மிளகாயும் பாணிப்பனாட்டும் இவற்றின் பாற்படுவனவே. இவற்றினின்றும் வேறான ஒரு முறையையே இக்கட்டுரை ஆராயப் புகுகின்றது. உணவைச் சூழ்ந்துள்ள வளியை அகற்றிவிட்டால் உணவு கெடாது என்னும் எண்ணத்தின்வழித் தோன்றிய முறை அது. இன்று சமையலறை மேசைமீது வைக்கத்தக்க சிறு மின்பொறியொன்று, பையிலுள்ள வளியை உறிஞ்சி, அதன் வாயை உருக்கி ஒட்டிவிடுகின்றது. இரண்டு நிமிடத்தில் முடியும் இவ்வேலைக்குப் பின்னே மூன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாறு பெரும்பாலும் ஓர் அரை உண்மையின் வரலாறு என்பதே எமது கருத்து.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் இலங்கைக்கும் ஓர் இடம் இருப்பது பலர் அறியாதது. 1660 இல் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்திற் பத்தொன்பது ஆண்டு கழித்த றொபேட் நொக்ஸ், 1679 இல் அரிப்புக்குத் தப்பி வந்து, மறு ஆண்டில் இலண்டன் சேர்ந்தான். 1681 இல் வெளிவந்த அவனது நூலில், வேடர் இறைச்சி காக்கும் முறை சொல்லப்படுகின்றது. மரத்திற் பொந்து குடைந்து, தேன் வார்த்து, இறைச்சியை இட்டு நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்து, பஞ்ச காலத்துக்கு வைத்துக்கொள்வர் என்கிறான் நொக்ஸ். அந்நூலுக்கு முன்னுரை எழுதியவர் றொபேட் ஹூக். இந்த ஹூக்கே, நொக்ஸ் சிறைப்படுவதற்குச் சற்று முன், றொபேட் பொயில் என்னும் அறிஞருக்கு வளிப்பம்பி செய்து கொடுத்தவர். பொயில் அப்பம்பியைக் கொண்டு நடத்திய சோதனைகள் நூலாக வெளிவந்தது 1660 இல். பின்னர் பிரான்சிலிருந்து வந்து பொயிலோடு பணிபுரிந்த டெனி பப்பேன் என்பார், பழங்களையும் இறைச்சியையும் வெற்றிடக் கலங்களில் இட்டு எத்துணைக் காலம் நிற்கின்றன என்று பார்த்தார். அவர் தமது அமுக்கச் சமையற் கலத்தை விளக்கி எழுதிய நூல் இலண்டனில் வெளிவந்ததும் அதே 1681 ஆம் ஆண்டில். பப்பேனும் அக்காலத்தில் ஹூக்கின் கீழ்ப் பணி செய்தவரே. வேடரின் தேன்பொந்தும் பப்பேனின் வெற்றிடக் கலமும் ஒரே மனிதரின் கவனத்துக்கு வந்தன என்பது நினைக்க இனிமை பயப்பது. அவர் இரண்டையும் ஒப்பிட்டாரா என்பது வேறு கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க வேற்றுமை ஒன்று இருக்கத்தான் செய்கின்றது. பொந்திலே இறைச்சியைக் காத்தது களிமண் அடைப்பன்று, தேனே. தேனிலுள்ள சருக்கரை நீரைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் நுண்ணங்கிகள் அதில் வளர இயலா. பப்பேனிடம் இருந்ததோ அடைப்பு மாத்திரமே.

பப்பேனின் வெற்றிடக் கலங்கள் சோதனைச்சாலையோடு நின்றுவிட்டன. அடுத்த அடியை எடுத்து வைத்தவர் அறிஞரல்லர். பாரிஸ் நகரில் மிட்டாய்க்கடை நடத்திய நிக்கொலா அப்பேர் என்பவர். 1749 இல் ஒரு விடுதிக்காரரின் மகனாய்ப் பிறந்த இவர், 1795 அளவில் தமது சோதனைகளைத் தொடங்கினார். அகன்ற வாயுடைய கண்ணாடிப் போத்தல்களில் உணவை நிரப்பி, தக்கையால் இறுக அடைத்து, கம்பியாற் கட்டி, கொதிநீரிற் பல மணி நேரம் வைத்தார். பட்டாணியும் பாலும் இறைச்சியும் பல மாதங்கள் நல்ல நிலையில் நின்றன. 1810 இல் பிரான்சிய அரசு, முறையை நூலாக வெளியிடவேண்டும் என்னும் நிபந்தனையோடு, அவருக்கு 12,000 பிராங்கு வழங்கியது. நெப்போலியனே போட்டி வைத்துப் பரிசளித்தான் என்று பள்ளி நூல்கள் பல கூறும் கதையிலும் இச்செய்தி உறுதியானது. அரசு கேட்டபடி முறையை உலகறிய வெளியிட்ட அப்பேர் அதனாற் செல்வரானார் அல்லர். 1814 இல் படையெடுத்து வந்தோரால் மஸ்ஸியிலிருந்த அவரது தொழிற்சாலை அழிந்தது. 1841 இல் வறியவராய் இறந்து பொதுப் புதைகுழியில் அடக்கம் செய்யப்பட்டார். 1810 ஒகஸ்டிலேயே இலண்டனில் பீற்றர் டியூரண்டு என்பவர் தகரக் கலத்துக்கு ஆக்கவுரிமை பெற்றுவிட்டார். 1813 இல் டொன்கின் முதலியோரின் தொழிற்சாலை தகர உணவைப் பிரித்தானியக் கடற்படைக்கு வழங்கத் தொடங்கிற்று.

இங்கேதான் நாம் சற்று நின்று நோக்கவேண்டிய இடம் வருகின்றது. அப்பேரின் போத்தலில் உணவு ஏன் கெடவில்லை? அப்பேர் தாமே கூறிய விடை, நெருப்பின் செயலே உணவைக் கெடுக்கும் புளிப்பை அழித்தது என்பதாம். ஆனால் அக்காலப் பேரறிஞர் கே-லூசாக் அப்போத்தல்களை ஆராய்ந்து, உள்ளே ஒட்சிசன் இல்லாமை கண்டு, ஒட்சிசனின் இன்மையே காப்புக்குக் காரணம் என முடிவு கூறினார். அறிஞரின் சொல் நின்றது; மிட்டாய்க்காரரின் சொல் மறைந்தது. உண்மைக்கு அண்மையில் நின்றவர் மிட்டாய்க்காரரே என்பதை உலகம் அறிய அரை நூற்றாண்டு சென்றது.

இடையில் அதற்கு விலை கொடுத்தோர் கடற்படையினர். ஸ்டீவன் கோல்ட்னர் என்பவரின் ஒப்பந்தத்தில் வந்த தகர இறைச்சி பெருமளவில் அழுகியிருந்தமை 1852 இல் வெளியாகிப் பாராளுமன்றக் குழு விசாரித்தது. செலவைக் குறைக்கப் பெரிய தகரங்களில் அடைத்ததால் நடுவிலுள்ள இறைச்சிவரை வெப்பம் செல்லவில்லை என்பதே பொருத்தமான விளக்கம். அடைப்பு மாத்திரம் காக்கவில்லை.

1860 களில் லூயி பாஸ்டர் அழுகலுக்குக் காரணம் வளியன்று, வளியோடு வரும் நுண்ணங்கிகளே என நிறுவினார். அதனினும் எம் பொருளுக்கு முதன்மையானது அவர் 1861 இல் வெளியிட்ட மற்றொரு செய்தி. வெண்ணெய்க் காடியை உண்டாக்கும் நுண்ணங்கி ஒட்சிசன் இன்றியே வாழ்கின்றது; வளி பட்டால் அதன் இயக்கம் நின்றுவிடுகின்றது என்று கண்டார். வளியை நீக்குதல் சில உயிர்களை ஒடுக்கும், வேறு சிலவற்றுக்கோ வீட்டைத் திறந்து விடும் என்பதே இதன் பொருள். இதன் கொடிய முகம் 1895 டிசெம்பரில் பெல்ஜியத்தின் எலசெல் என்னும் ஊரிற் காணப்பட்டது. ஓர் இறுதிச் சடங்கில் வாத்தியம் வாசித்தோர் உப்பிட்ட பன்றித்தொடையை உண்டு நோயுற்றனர், மூவர் இறந்தனர். கெந்து நகரப் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கெம் அவ்விறைச்சியிலிருந்தும் இறந்தோரின் உடலிலிருந்தும் வளியின்றி வாழும் ஒரு பற்றீரியத்தைப் பிரித்தெடுத்து 1897 இல் விரிவாக எழுதினார். பொற்றுலினம் எனப் பின்னர் பெயர்பெற்றது இதுவே. இதன் வித்திகள் கொதிநீர் வெப்பத்தையும் தாங்குவன. இது உண்டாக்கும் நஞ்சைப் பல வேளைகளில் மணத்தாலோ நிறத்தாலோ அறிய முடியாது. அப்பேரின் கொதிநீர் போதாமல் அமுக்கக் கலத்தில் 121 சதம பாகை வெப்பம் தேவைப்பட்டதன் காரணம் இதுதான்.

வெப்பத்தின் கதை இவ்வாறாக, குளிரின் கதை தனியே வளர்ந்தது. 1833 இல் அமெரிக்கப் பொஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் பனிக்கட்டி கப்பலேறி வந்தது. சென்னைக் கடற்கரையில் அதனைச் சேமிக்க 1842 இல் எழுந்த 'ஐஸ் ஹவுஸ்' இன்றும் நிற்கின்றது. (1897 தையில் யாழ்ப்பாணம் வந்து சென்ற சுவாமி விவேகானந்தர் அடுத்த மாதம் சென்னையிற் தங்கியதும் அக்கட்டடத்திலேயே.) 1882 இல் 'டனீடின்' என்னும் கப்பல் ஏறத்தாழ 5,000 ஆட்டுடல்களை உறையவைத்து, நியூசிலாந்திலிருந்து மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பயணத்தின்பின் இலண்டன் சேர்த்தது. எனினும் மெல்ல உறைந்த உணவில் பெரிய பனிப்பளிங்குகள் தோன்றி இழைகளைக் கிழிப்பதால் உருகியபின் சுவை குன்றும். லப்ரடோரில் 1912 முதல் வாழ்ந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, அங்குள்ள இனுவிற்று மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் உடனே உறைந்து, மாதங்கள் கழித்தும் புதுமீன்போற் சுவைப்பதைக் கண்டார். அதைப் பொறியால் செய்யும் வழியைத் தம் நாட்டில் அமைத்து, 1930 இல் மசாச்சூசெட்சு மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரக் கடைகளில் உறைந்த உணவை விற்பனைக்கு வைத்தார். அவர் பெயரை உலகம் போற்றுகின்றது. முன்னோடிகளான இனுவிற்று மக்களை ஒரு வரியோடு விட்டுவிடுகின்றது.

உறைந்த உணவுக்கும் ஒரு பகை உண்டு. உறைகுளிரின் காற்று வறண்டது. பனிக்கட்டி நீராகாமலே ஆவியாகிச் செல்வதால் இறைச்சியின் மேற்பரப்பு வெளிறி நார்போலாகும். ஒட்சிசனும் பட்டால் கொழுப்புக் காறும். ஆகவே உணவோடு ஒட்டிக் கிடக்கும் உறை வேண்டியதாயிற்று. 1927 இல் ஈரம் புகாத செலோபேன் தாள் வந்தது. 1933 இல் இங்கிலாந்தில் பொலித்தீனும் அமெரிக்காவில் சரான் என்னும் பொருளும் கண்டுபிடிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்பின் வளி நீக்கிய பைகளில் உறைந்த வான்கோழிகள் விலைக்கு வந்தன. வீட்டுக்கு வருவதற்கு இன்னொரு தடை இருந்தது. பையின் இரு தாள்களும் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டால் உள்ளே எஞ்சிய வளி வெளியேறாது. உட்புறத்தில் நுண்ணிய வரிகள் கொண்ட பையை 1980 களில் ஹான்ஸ் கிறிஸ்டென் அமைத்தமையால் சிறு பம்பியே போதுமாயிற்று. வளிப்பம்பி வீட்டுப் பொருளானது இவ்வாறே. பப்பேன் கண்டால் மகிழ்ந்திருப்பார்.

ஆனால் பப்பேனின் பிழையும் பையோடு சேர்ந்தே வருகின்றது. வீட்டுப் பொறி வளியிற் பெரும்பகுதியை நீக்கும், முழுவதையும் நீக்காது. எந்த நுண்ணங்கியையும் அது கொல்லாது. கறியையோ மீனையோ அதில் அடைத்து, தகரத்தில் அடைத்தது போலாயிற்று என எண்ணி அலமாரியில் வைப்பார், எலசெல் ஊரின் பன்றித்தொடையைத் தம் வீட்டில் மீண்டும் செய்கின்றார். இது வெறும் அச்சமன்று. 1963 இல் அமெரிக்கப் பேரேரிப் பகுதியிலிருந்து வளி நீக்கிய பைகளில் அனுப்பப்பட்ட புகைமீன், போதிய குளிரின்றிச் சென்றதால் நஞ்சாகிச் சிலரைக் கொன்றது. மீனில் வளரும் ஒருவகைப் பொற்றுலினம் 3.3 பாகையிலும் பெருக வல்லது. சாதாரணக் குளிர்ப்பெட்டியின் மேற்தட்டு அக்குளிரை எட்டாமலும் போகலாம்.

ஆகவே இப்பை உறைகுளிருக்கு உதவும் துணையேயன்றி அதற்கு ஈடாகாது. நம் வீடுகளில் அதனைப் பயன்படுத்துவார் மரக்கறியைக் கொதிநீரிற் சற்று நேரம் அமிழ்த்தி, ஆற்றி, ஈரம் துடைத்து அடைத்தல் வேண்டும். இறைச்சியும் மீனும் மைனஸ் 18 பாகையில் இருக்கவேண்டும். மின்தடை நேரும் ஊர்களில், உருகி நாட்பட்ட பையை, உப்பித் தோன்றாவிடினும், எறிந்துவிடுவதே முறை. உறைந்த மீனைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் உருகவிடும்போது பையின் ஒரு மூலையை முன்னரே வெட்டிவிடல் நன்று. அவ்வெட்டின்வழி உட்புகும் வளி, பொற்றுலினம் பெருகுவதைத் தடுக்கும்.