கூலியும் கடனும்

இன்று நம் இல்லங்கள் பலவற்றில் வங்கியின் பெயர் பொறித்த அட்டைகள் இரண்டு உள்ளன. ஒன்று சம்பளம் வந்து சேரும் கணக்கிற்குரியது. மற்றொன்று கடன் அட்டை. தோற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புகள் போன்றவை. ஆயினும் அவை பிறந்த வழிகள் வேறு. இங்கிலாந்தின் வரலாறு இதனைத் தெளிவாக்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டுச் சுரங்கங்களிலும் இரும்பாலைகளிலும் உழைத்தோர் பலருக்குக் கூலி காசாகக் கிட்டவில்லை. முதலாளியின் கடைச் சரக்காகவோ, அக்கடையில் மட்டுமே செல்லும் வில்லைகளாகவோ அது கிடைத்தது. கூலி நாளுக்கு முன்னர் அங்கேயே கடனும் கிடைக்கும். கூலி நாளில் அக்கடன் கழிக்கப்படும். வரவேண்டியது எவ்வளவு, கொடுக்கவேண்டியது எவ்வளவு என்று உழைப்பாளி பிரித்தறிய இயலாதவாறு இரண்டும் ஒரே பேரேட்டில் கலந்தன. இக்கொடுமையை ஒழிக்கவே, கூலியை நாட்டின் நாணயமாகக் கொடுக்க வேண்டும் என 1831-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

1848-இல் மற்றொரு தெளிவு பிறந்தது. வங்கியில் நாம் போடும் பணம் அமானிதம் அன்று. அது வங்கிக்கு நாம் கொடுத்த கடன் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதாவது, சம்பளக் கணக்கில் கடனாளி வங்கியே. கடன் கொடுத்தவர் உழைப்பாளி. தொழிலாளி எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால் கூலியைக் கணக்கிலே செலுத்தலாம் என்ற அனுமதி 1960-இல்தான் வந்தது.

அதன்பின் ஆறே ஆண்டுகளில், 1966-இல், பார்க்லேஸ் வங்கி அந்நாட்டின் முதல் கடன் அட்டையை வெளியிட்டது. அமெரிக்காவின் பிரெஸ்னோ நகரில் 1958-இல் பேங்க் ஆப் அமெரிக்கா, கேளாதவர்க்கும் சேர்த்து ஏறத்தாழ 60,000 அட்டைகளை அஞ்சலில் அனுப்பிய முறையே இதற்கு முன்மாதிரி. கேளாதவருக்குக் கடன் அட்டை அனுப்புவதை இங்கிலாந்து 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றமாக்கியது. கூலியை யாரும் விரட்டிச் சென்று கொடுப்பதில்லை, கடனைத்தான் கொடுக்கிறார்கள்!

கடன் அட்டையில் உறவு தலைகீழாகிறது. அதிலே குறித்த உச்சவரம்பு நம் பணம் அன்று; நாம் கடன்படக்கூடிய அளவு. கெடுவுக்குள் முழுத்தொகையும் கட்டினால் வாங்கிய பொருளுக்கு வட்டி இல்லை. குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஏறும். ரொக்கம் எடுத்தாலோ, பெரும்பாலும் அன்றே வட்டி தொடங்கிவிடும்.

நம்மவர் பலர் உழைக்கும் ஐக்கிய அரபு அமீரகம், தனியார் நிறுவனங்கள் கூலியை வங்கிகள், பணமாற்று நிலையங்கள் வழியே செலுத்தும் முறையை 2009-இல் கொண்டுவந்தது. கொடுத்த கூலிக்கு அதனால் சான்று கிடைத்தது. ஆனால் அக்கூலி கணக்கில் விழுந்தவுடனே அட்டைக் கடனுக்குப் பிடிக்கப்படுமானால், முதலாளியின் கடைப் பேரேடு வேறு உருவில் திரும்பிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

கூலியைத் தாமதியாது கொடுக்கப் பணித்ததும், வட்டியை விலக்கியதும் நம் மார்க்கமே. ஆதலால் வரவு ஏட்டையும் கடன் ஏட்டையும் தனித்தனியே வைத்துக்கொள்வோம். திங்கள்தோறும் குடும்பத்தார் கூடியிருந்து, அட்டை காட்டும் வரம்பை வரவில் சேர்க்காமல் கணக்குப் பார்ப்போமாக!