காயலான் கடைக்குப் போகாத கவர்

பிளாஸ்டிக் பையைத் தடை செய்வதால் சுற்றுச்சூழலுக்கு உண்மையில் நன்மை உண்டா என்று கேட்டால், ஊருக்கு ஊர் பதில் மாறும். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் அந்தப் பதிலை ஏரித் தண்ணீரில்தான் தேட வேண்டும். பழைய செங்கல்பட்டுச் சீமையின் இந்தப் பகுதியில் ஆறு சிறியது, ஏரிகள் ஏராளம். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகும். ஒரகடம், மணிமங்கலம் பக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேரும். ஓர் ஏரியின் கலங்கலைத் தாண்டும் தண்ணீர்தான் அடுத்த ஏரிக்கு வரத்து. நடுவில் ஒரு கால்வாய் அடைத்துக்கொண்டால் மேலே வெள்ளம், கீழே வறட்சி. 1760, 1770களில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பொறியாளர் தாமஸ் பர்னார்டு இந்தச் சீமையை ஊர் ஊராக அளந்து எழுதிய கணக்குகளைத் தரம்பால் போன்ற வரலாற்று ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். விளைச்சலில் ஏரிப் பராமரிப்புக்கென்று தனிப் பங்கு ஒதுக்கப்பட்டதை அவற்றில் பார்க்கலாம். வண்டல், கோரை ஆகியவற்றுக்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. மட்காத ஒரு பொருள் மதகில் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று அந்தக் கணக்கை எழுதியவர்கள் நினைத்திருக்க வழியில்லை.

அந்தப் பொருள் இங்கே வந்த காலமும் தொழிற்சாலைகள் வந்த காலமும் ஏறக்குறைய ஒன்று. இன்று நாம் கவர் என்று சொல்லும் கைப்பிடிப் பையை வடிவமைத்தவர் சுவீடனைச் சேர்ந்த ஸ்டென் குஸ்டாஃப் தூலின். 1960களில் காப்புரிமை பெற்றது அது. தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைவரை அது இறங்கி வந்தது 1990களில்தான். அதற்கு முன் மளிகை பழைய செய்தித்தாள் பொட்டலத்திலும், பூ வாழை இலையிலும், மொத்தமும் கல்யாணத் தாம்பூலத்தோடு வந்த மஞ்சப்பையிலும் வீடு வந்து சேர்ந்தன. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்தது. பிறகு செயின்ட் கோபைன் கண்ணாடி, நோக்கியா, சாம்சங், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். நெல் விளைந்த ஊர்களில் ஷிஃப்ட் பேருந்தும் வாடகை அறையும் முளைத்தன. சமைக்க நேரமும் அடுப்பும் இல்லாத இளைஞர்களுக்குப் பார்சல்தான் சாப்பாடு. மெல்லிய கவரைக் கட்டைவிரலால் பிரித்து, ஒரு கரண்டி சாம்பார் ஊற்றி, கழுத்தை முறுக்கி, நூலை நாலு சுற்றுச் சுற்றி இழுத்து அறுப்பார்கள். சட்னிக்கு ஒன்று, எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள கைப்பிடி வைத்த ஒன்று. தின்று முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். மிஞ்சிய கவரை எங்கே போடுவது என்பதற்கு மட்டும் ஏற்பாடு இல்லை. ஒரகடமும் வல்லமும் நெடுங்காலம் கிராம ஊராட்சிகளாகவே இருந்தவை; நகரத்துக் குப்பை வந்துவிட்டது, நகரத்துத் துப்புரவு வரவில்லை.

இதே வட்டாரத்தில் ஆலைக் கதவுக்கு உள்ளே பிளாஸ்டிக்கின் கதை வேறு. உதிரிப் பாகங்களைச் சுற்றி வரும் ஸ்ட்ரெட்ச் ஃபிலிமும் உறைகளும் ஒரே ரகம், சுத்தம், டன் கணக்கு. அதனால் அதற்கு விலை உண்டு. ஆலை ஸ்கிராப்பை எடுக்கும் ஒப்பந்தத்துக்காக மிரட்டலும் அடிதடியும் நடந்த வழக்குகள் செய்தித்தாள் படிப்பவர்களுக்குப் புதிதல்ல. பிளாஸ்டிக்குக்காகச் சண்டை போடும் ஊரில் பிளாஸ்டிக்கே கால்வாயை அடைக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். கவர் சில கிராம் எடைதான். ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கில் பொறுக்க வேண்டும், அதுவும் சாம்பார் ஒட்டியதை. குப்பை பொறுக்குபவர் தண்ணீர் பாட்டிலை எடுப்பார், கவரை விட்டுவிடுவார். காயலான் கடைக்காரர் எடை போட மறுக்கும் பொருள் காற்றிலும் மழையிலும் போய் ஏரியில் நிற்கிறது. மறுசுழற்சி எவ்வளவு வளர்ந்தாலும் இதற்கு மருந்தில்லை. ஆகவே தடைக்கு நியாயம் உள்ள பொருள் ஒன்று உண்டென்றால், அது இந்த விலையற்ற மெல்லிய கவர்தான்.

சட்டமும் இதைத் தெரிந்தே தொடங்கியது, ஆனால் சுற்றி வளைத்துத் தொட்டது. மத்திய அரசின் 1999 விதி, பையின் தடிமன் 20 மைக்ரானாவது இருக்க வேண்டும் என்றது. தடித்தால் பொறுக்குவார்கள் என்ற கணக்கு. தமிழ்நாட்டில் 2002-ல் சட்டமன்றத்துக்கு வந்த பிளாஸ்டிக் தடை மசோதா சட்டமாகவில்லை. மைக்ரான் மட்டும் ஏறிக்கொண்டே போனது: 2011-ல் 40, 2016-ல் 50, 2021 செப்டம்பரில் 75, 2022 முடிவில் 120. கடைவாசலில் நிற்கும் சுகாதார ஆய்வாளர் 40-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியுமா? விதி தோற்றதற்கு ஊழல் மட்டும் காரணமல்ல, அளக்க முடியாத அளவு வைத்ததும் காரணம். 2018 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு போட்ட ஆணை அந்த வகையில் தெளிவானது. 2019 ஜனவரி 1 முதல், எந்தத் தடிமனிலும் கைப்பை கூடாது. உணவு கட்டும் தாள், கப், உறிஞ்சுகுழல், நெய்யாத துணிப்பை எனப் பதினான்கு பொருள்கள் பட்டியலில் இருந்தன. சென்னை உயர் நீதிமன்றமும் 2019-ல் தடை செல்லும் என்றது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது.

மஞ்சப்பை மட்டும் ஒழுங்கா என்பது வலுவான மறுப்பு. டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரணப் பருத்திப் பையை எல்லா வகைப் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறையும், காலநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால் 52 முறையும் பயன்படுத்தினால்தான் அது பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். தண்ணீரும் பூச்சிமருந்தும் குடித்து வளர்வது பருத்தி. இந்தக் கணக்கைத் தள்ளிவிட முடியாது. ஆனால் டென்மார்க்கில் பை தெருவில் வீசப்படுவது புறக்கணிக்கத்தக்கது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. அங்கே கவர் குப்பைத்தொட்டிக்குப் போய் எரிஉலையில் முடியும். இங்கே பிள்ளைப்பாக்கம் ஏரிக்குப் போகிறது. நம் பிரச்சினையைச் சேர்க்காத ஆய்வு நம் தடைக்கு எதிரான சான்று ஆகாது. 52 முறை என்பதும் வாரச் சந்தைக்கு ஒரு வருடம் எடுத்துப் போவதுதான். எச்சரிக்கை ஒன்று மட்டும் அதில் உண்டு. விழாவுக்கு விழா புதிது புதிதாக மஞ்சப்பை அச்சடித்து வழங்குவது நல்ல காரியமல்ல.

இன்னொரு மறுப்பு, ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று பெருகும் என்பது. கலிஃபோர்னியாவில் ஊர்தோறும் வந்த தடைகளை ஆராய்ந்தபோது, மிச்சப்பட்ட பிளாஸ்டிக்கில் கால் பங்குக்கும் மேல், விலைக்கு வாங்கிய குப்பைப் பையாகத் திரும்பி வந்தது தெரிந்தது. அதனால் மொத்த பிளாஸ்டிக் உற்பத்தி பெரிதாகக் குறையும் என்று தடைக்காரர்கள் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்கக் கடற்கரை, நீர்க்கரைத் துப்புரவுகள் 45,000-க்கும் மேற்பட்டவற்றின் பதிவுகளை வைத்து 2025-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, தடையோ கட்டணமோ உள்ள இடங்களில் பொறுக்கிய குப்பையில் பைகளின் பங்கு 25 முதல் 47 சதவீதம் வரை குறைவு என்கிறது. உற்பத்தி குறையாவிட்டாலும் கரை சுத்தமாகலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு ஊருக்குள் வந்ததற்குக் கவர்தான் காரணம் என்பது அபத்தம். மழையும், செம்பரம்பாக்கத்தில் திறந்த தண்ணீரும், ஆக்கிரமிப்பும் பெரிய காரணங்கள். ஆனாலும் வடிகாலை அடைக்கும் பொருளைக் குறைப்பது வீண் வேலையல்ல. 1988, 1998 வெள்ளங்களைப் பார்த்த வங்கதேசம் 2002-ல் மெல்லிய பையைத் தடை செய்த முதல் நாடானதும் இதே காரணத்தால்தான்.

தடை இங்கே பாதியில் நிற்பதற்குக் காரணம் அதன் நோக்கமல்ல, அது பாயும் திசை. அபராதம் தள்ளுவண்டிக்காரர் தலையில் விழுகிறது, கவர் செய்யும் கூடத்தை எட்டுவது அபூர்வம். ஆலையிலேயே அடைத்து வரும் பண்டங்களின் உறைக்கு 2018 ஆணை முதலில் விலக்கும் கொடுத்தது. சிப்ஸ் பாக்கெட்டையும் காயலான் கடை வாங்காது என்பதால், என் வாதப்படி அந்த விலக்குக்கு நியாயமே இருக்கவில்லை. பிழைப்பு போகும் என்று சிறு உற்பத்தியாளர்கள் சொல்வது மட்டும் உண்மை. அதற்கு மாற்றுத்தொழில் கடன் கொடுக்கலாம். ஏரியை ஈடு வைக்கக் கூடாது. அபராதத்துக்கு மாற்று வழி ஆலைகளின் பக்கம் இருக்கிறது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-வது பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவகம் வைக்க வழி செய்தது. அதனால் உள்ளே தட்டில் சாப்பிடும் தொழிலாளி வெளியே வந்ததும் கவருக்கு மாறுகிறார். வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். அங்கே வெளியிலிருந்து வரும் சாப்பாட்டைத் தூக்குவாளியில்தான் வாங்குவோம் என்று நிர்வாகம் முடிவெடுத்தால், நூறு தள்ளுவண்டிகளில் அபராதம் வசூலிப்பதைவிட அது அதிகம் சாதிக்கும்.